ஜீரோ பாத்துக்கோ

முள்ளோடை பங்க்கில்
மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை நான்.
எல்லைக்கு இந்தப் பக்கம் பெட்ரோல் சில ரூபாய் மலிவு.
அதற்காகப் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி வரும்
டிஎன் முப்பத்தொன்று வண்டிகளுக்கு
டேங்க் மூடி திறக்கும் விதத்திலேயே
வயது சொல்வேன்.

அப்பாவின் வண்டி என்றால் சாவி தடுமாறும்.
அண்ணனுடையது என்றால் இன்ஜினை அணைக்க மனம் வராது.
சொந்த வண்டி, போன மாதம் வாங்கியது என்றால்
சீட்டில் இன்னும் பிளாஸ்டிக் உறை,
ஹாண்டில்பாரில் காய்ந்த எலுமிச்சம்பழம்,
பின்னால் இரண்டு பேர்.

பின்னால் இரண்டு பேர். அதுதான் எனக்குப் பிரச்சினை.
தனியாக வருகிறவன் மீதிச் சில்லறையை எண்ணுகிறான்.
இருவராக வந்தால் சிரிக்கிறார்கள்.
மூவரானால்
ஓட்டுகிறவன் தான் ஓட்டுவதை மறந்துபோகிறான்.
வண்டியைப் பின்சீட்டு ஓட்டுகிறது.

என்னிடமும் ஓர் எல்.எல்.ஆர். உண்டு,
கேப்பர் மலை ஆபீசில் எடுத்தது.
எட்டுப் போடும்போது கால் ஊன்றிவிட்டேன். ஃபெயில்.
ஊன்றாவிட்டால் விழுந்திருப்பேன் சார் என்றேன்.
அதற்கு அங்கே மார்க் இல்லை.
எனவே ஸ்கூட்டிக்கு முன்னும் பின்னும் சிவப்பில் எல்.
கற்றுக்கொடுப்பவர் தவிர
யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது என்பது விதி.
"ரொம்பத்தான் சட்டம் பேசுறே" என்று
அமலோற்பவம் தினமும் டவுன் பஸ்ஸில் போகிறாள்.

பதினாறு வயதுக்கும் சட்டம் ஒரு வண்டி வைத்திருக்கிறது:
ஐம்பது சிசி, கியர் இல்லாதது.
எந்த ஷோரூமிலும் நான் அதைப் பார்த்ததில்லை.
பதினேழின் கடைசி இரவுக்கும்
பதினெட்டின் முதல் காலைக்கும் நடுவே
படியே கிடையாது.
மொட்டைமாடியிலிருந்து நேராகத் தெரு.

வேறு நாடுகளில் படி கட்டியிருக்கிறார்களாம்.
முதலில் இரவு கூடாது, நண்பர்கள் கூடாது,
பிறகு ஒவ்வொன்றாகத் திறப்பார்களாம்.
விபத்து குறைந்தது என்று படித்தேன்,
எவ்வளவு என்பது நினைவில்லை.
என் கணக்கெல்லாம்
இந்த விளக்குக்கம்பத்தடியில் நின்றால் தெரிகிற அளவுதான்.

அதனால் நானே ஒரு சட்டம் போட்டேன்.
எட்டு மணிக்கு மேல்
மீசை அரும்பாத மூவர் ஒரே வண்டியில் வந்தால்
பெட்ரோல் இல்லை.
முதலில் நாசில் ரிப்பேர் என்றேன்.
பிறகு பொய்யை விட்டேன்.
"ரெண்டு பேர் எறங்குங்க. பஸ்ல போங்க. அப்பத்தான்."

சூப்பர்வைசர் பாவாடைராயன் கேட்டார்,
"அம்பதடியில அடுத்த பங்க். நீ யாரும்மா?"
சரிதான். ஐம்பதடிதான்.
கெட்ட வார்த்தை ஒன்றைத் தரையில் போட்டுவிட்டு
அங்கே நிரப்பிக்கொண்டு
ஹாரன் அடித்தபடி என்னைக் கடந்தே போனார்கள்,
வாரக்கணக்கில்.

நேற்று ஒருவன் இறங்கினான்.
கேரியர் கம்பியில் பாதி உட்கார்ந்திருந்தவன்,
ஒல்லி, மடியில் டியூஷன் பை.
வீடு பெரியகங்கணாங்குப்பம்.
"எனக்கும் பயமாத்தான்க்கா இருந்துச்சு"
மற்ற இருவருக்கும் கேட்காத குரலில்.
அமலோற்பவம் ஏறிய பஸ்ஸிலேயே
ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

மீதி இரண்டு பேர்.
என் சட்டப்படி இன்னும் ஒருவன் அதிகம்.
ஓட்டுகிறவன் பஸ்ஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
போட மறந்திருந்த ஹெட்லைட்டைப் போட்டான்.
என்ன செய்ய,
நூறு ரூபாய்க்கு அடித்தேன்.
சட்டத்தில் பாதி.

"ஜீரோ பாத்துக்கோப்பா" என்று
நாளெல்லாம் சொல்லி வாய் தேய்ந்த சொல்.
யாரும் திரும்புவதில்லை.
அவன் திரும்பி, மீட்டரைப் பார்த்து,
எண்கள் ஓடி நிற்கும் வரை பார்த்தான்.

மூடியைப் பூட்டும்போது சாவி தடுமாறியது.
அப்பாவின் வண்டி.